எட்டரைக்குப் பதினாலு

மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தேர்தல் விதியை அரசியலமைப்பில் ஏற்ற நினைக்கிறவர்கள் முதலில் வக்கீலிடம் போவார்கள். அடுத்து பணம் கொடுக்கக்கூடியவர்களிடம் போவார்கள். மூன்றாவதாக எங்களிடம் வருவார்கள். எங்களிடம் என்றால், தலைநகர் லான்சிங் வட்டாரத்தில் மனுப் படிவம் அச்சடிக்கிற ஒரு சில கடைகளிடம். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து எனக்கு அதுதான் பிழைப்பு. யாருக்கு எந்தப் படிவம் போட்டுக் கொடுத்தேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை. வாடிக்கையாளர் பெயரை வெளியே விடுவது தொழிலுக்கு ஆகாது. எல்லோரும் அறிந்த வழக்குகளையும் தேர்தல்களையும் மட்டும் பெயர் சொல்லி எழுதுகிறேன்.

படிவத்தின் அளவைச் சட்டமே சொல்லிவிடுகிறது. தாள் எட்டரை அங்குலத்துக்குப் பதினாலு. தலைப்பு 14 பாயிண்ட் தடித்த எழுத்து. எச்சரிக்கை வாசகம் 12 பாயிண்ட். திருத்தத்தின் முழு வாசகமும் 8 பாயிண்ட். முழு வாசகம் என்றால் ஒரு காற்புள்ளி விடாமல். திருத்தம் நீளமாக இருந்தால் தாளை மடித்து மடித்து ஒட்டிக் கொடுக்க வேண்டியதுதான். கையெழுத்து வாங்குகிறவர் சாலையோரக் காற்றில் அதை விரித்துப் பிடிக்கப் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

நான் சிவகாசிக்காரன். அப்பா டிரெடில் மெஷின் ஓட்டியவர். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் கோக்கிற வேலையைப் பள்ளி விட்ட பிறகு நானும் செய்திருக்கிறேன். எழுத்தின் அளவு அதன் முகத்தில் இல்லை, அதைத் தாங்குகிற ஈயக் கட்டையில் இருக்கிறது என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். இந்தச் சின்ன விஷயத்துக்காக ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஒரு கோடைக்காலத்தில் முட்டி மோதும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த வழக்கு 2012இல் வந்தது. அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டால், மக்கள் கையெழுத்து திரட்டி அதை வாக்கெடுப்புக்கு இழுத்து ரத்து செய்யலாம். ஆனால் அரசுக்குப் பணம் ஒதுக்குகிற சட்டத்தை அப்படி இழுக்க முடியாது. இதை அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. நியாயமான விதிதான். அரசாங்கம் சம்பளம் கொடுக்காமல் நின்றுவிடக் கூடாதே. ஆனால் சட்டமன்ற உறுப்பினர்கள் இதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். மக்கள் எதிர்ப்பார்கள் என்று பயப்படுகிற சட்டத்தின் வாலில் ஒரு சிறு நிதி ஒதுக்கீட்டைக் கட்டிவிடுவது. கட்டிவிட்டால் யாரும் தொட முடியாது.

இந்த உத்தி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே விஷயத்தில் காட்டலாம். மிச்சிகன் வாக்குச்சீட்டு நீளமானது. அதிபரில் தொடங்கிப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, நீதிபதி, கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வடிகால் ஆணையர் வரைக்கும் அதில் இருப்பார்கள். மேலே கட்சிப் பெயருக்கு ஒரு குறி போட்டால் அந்தக் கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் வாக்கு போய்விடும் என்ற ஏற்பாடு இங்கே பழையது. அதை ஒழிக்கச் சட்டமன்றம் சட்டம் போட்டபோது 1964இலும் 2002இலும் மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தூக்கி எறிந்தார்கள். 2015இல் மூன்றாவது முறை போட்ட சட்டத்தோடு 50 லட்சம் டாலர் ஒதுக்கீட்டையும் சேர்த்தார்கள். வாக்கெடுப்புக்கு வழி அடைபட்டது. அதற்குமேல் மக்கள் கையில் இருந்த உறுதியான கருவி அரசியலமைப்புத் திருத்தம்தான். அரசியலமைப்பில் ஏறிவிட்ட ஒன்றைச் சட்டமன்றம் தன்னிச்சையாக இறக்க முடியாது. எங்கள் கடைகளுக்கு வேலை பெருகியதன் காரணம் இதுதான். சாதாரணச் சட்டமாக இருந்திருக்க வேண்டிய விஷயங்கள் அரசியலமைப்புக்குள் ஏறின. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், ‘அரசியலமைப்பில் போய் தபால் தலையைப் பற்றியா எழுதுவார்கள்?’ என்று கேட்கிறார்கள். வேறு எங்கே எழுதினாலும் அழித்துவிடுவார்கள் என்றால் அங்கேதான் எழுதுவார்கள்.

இனி 2012. திவாலாகும் நகரங்களுக்கு ஆளுநர் ஓர் அவசர மேலாளரை நியமிக்கலாம் என்று 2011இல் வந்த சட்டத்தை எதிர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்லுபடியாகும் கையெழுத்துகள் சேர்ந்திருந்தன. தேவைப்பட்டது 1,61,305. மாநில வாக்கு சரிபார்ப்பு வாரியத்தில் நான்கு பேர்; இரண்டு கட்சிக்கும் இரண்டிரண்டு. ஒரு தீர்மானம் நிறைவேற மூன்று வாக்கு வேண்டும். ஆட்சேபித்தவர்கள் கையெழுத்துகளைத் தொடவில்லை. தலைப்பை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். கணினியில் கலிப்ரி எழுத்துருவில் 14 என்று போட்டு அடித்த தலைப்பு அது. அடித்த எழுத்தைத் தாளில் அளந்தால் 14 பாயிண்ட் உயரம் இல்லை என்றார்கள். ஒரு அங்குலத்தில் 72 பாயிண்ட். 14 பாயிண்ட் என்றால் ஐந்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தலைப்பெழுத்து அந்த உயரம் வராது. அநேகமாக எந்த எழுத்துருவிலும் வராது, ஏனென்றால் கட்டையில் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் விடப்பட்டிருக்கும்.

வாரியம் இரண்டுக்கு இரண்டு என்று பிளந்தது. இரு தரப்பும் அச்சுத் தொழில் தெரிந்தவர்களின் வாக்குமூலங்களோடு நீதிமன்றம் ஏறின. அந்த மாதங்களில் எங்கள் கடைக்கு வந்த வக்கீல்கள் எல்லோரும் பையில் பாயிண்டை அளக்கிற பைக்கா ஸ்கேலோடு வந்தார்கள். அதுவரை அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் மனுவை வாக்குச்சீட்டில் ஏற்றச் சொன்னது. ஜெயித்தவர்கள் கொண்டாடினார்கள். தீர்ப்பை முழுக்கப் படித்தவர்களுக்கு முகம் வாடியது. அதுவரை ‘பெரும்பாலும் விதிப்படி இருந்தால் போதும்’ என்ற ஒரு தாராளம் இருந்தது. அந்தத் தாராளத்தை நீதிமன்றம் எடுத்துவிட்டது. இனி அச்சு அசலாக விதிப்படி இருக்க வேண்டும். இந்தப் படிவம் அப்படி இருப்பதால் தப்பித்தது, அவ்வளவுதான். மனு பிழைத்தது, அடுத்து வருகிற எல்லா மனுவின் தலைக்கு மேலும் கத்தி தொங்கியது.

நவம்பரில் மக்கள் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். டிசம்பரில் சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த முறை நிதி ஒதுக்கீட்டோடு.

அதே 2012இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. வெளியில் யாரும் பேசவில்லை, எங்களுக்கு அதுதான் பெரியது. திருத்தம் அரசியலமைப்பின் எந்தெந்தப் பகுதிகளை மாற்றுகிறது, எதைச் செல்லாமலாக்குகிறது என்பதைப் படிவத்தில் திரும்ப அச்சிட வேண்டும். எந்த அளவு பாதிப்பு இருந்தால் அச்சிட வேண்டும் என்பதில்தான் தகராறு. பழைய பகுதியின் வாசகமே மாறினாலோ அது அடியோடு செயலற்றுப் போனாலோ மட்டும் அச்சிட்டால் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு படிவத்துக்கும் வக்கீல்கள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டு, ‘இன்னொரு பத்தி சேர்க்கலாமா?’ என்று கேட்பார்கள். சேர்த்தால் இடம் போதாது. சேர்க்காவிட்டால் ஆகஸ்டில் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வான். சேர்க்கச் சொல்வதுதான் என் வழக்கம். காகிதம் மலிவு, வழக்கு விலை அதிகம்.

கையெழுத்து வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு, முந்தைய ஆளுநர் தேர்தலில் விழுந்த மொத்த வாக்கில் பத்து சதவீதம் கையெழுத்து வேண்டும். 2018இல் அது 3,15,654. 2018 தேர்தலில் கூட்டம் அலைமோதியதால் 2022இல் 4,25,059 ஆக ஏறிவிட்டது. மக்கள் அதிகம் வாக்களித்தால் அடுத்த திருத்தத்துக்குச் சுமை கூடுகிறது என்பது இந்த ஏற்பாட்டின் வேடிக்கை. 180 நாளுக்கு முந்தைய கையெழுத்து செல்லாது. கையெழுத்து வாங்கியவர் தாளின் அடியில் தன் கையெழுத்தையும் தேதியையும் கடைசியில்தான் போட வேண்டும். காலையிலேயே போட்டு வைத்துக்கொண்டு மறுநாளும் அதே தாளில் ஆள் பிடித்தால், அந்தத் தேதிக்குப் பிறகு போட்டவர்கள் அத்தனை பேரும் வீண். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்பேன்.

அடுத்தது கவுண்டி. ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு கவுண்டியின் பெயர். எட்டாவது மைல் சாலைக்கு வடக்கே ஓக்லண்ட், தெற்கே வெய்ன். நார்த்வில் நகரம் இந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே சந்தையில் மேஜை போட்டால் இரண்டு கட்டுத் தாளும் கையில் இருக்க வேண்டும், வருகிறவர் வீடு சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டே நீட்ட வேண்டும். கேட்காமல் வாங்கிய கையெழுத்து சரிபார்ப்பில் அடிபடும். தேர்தல் துறை எல்லாக் கையெழுத்தையும் பார்ப்பதில்லை. குலுக்கல் முறையில் சில நூறை எடுத்து வாக்காளர் பதிவேட்டோடு ஒப்பிடுகிறது. அந்தச் சில நூறில் விழும் ஒவ்வொரு பிழையும் ஆயிரக்கணக்கில் பெருகும். அதனால்தான் தேவைக்கு மேல் நிறையச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள்.

கேன்டனில் நம் ஆட்கள் கூடுகிற விழா ஒன்றில் தன்னார்வலர்களுக்குத் துணையாக நின்றிருக்கிறேன். கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு இளைஞர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். “அண்ணே, பத்து வருஷமா வரி கட்டுறேன், ஒரு கையெழுத்து போடக் கூடாதா?” என்றார். “போடக் கூடாது தம்பி. போட்டா எங்களுக்கு நஷ்டம், உனக்கு வம்பு” என்றேன். பதிவு செய்த வாக்காளர் மட்டுமே போடலாம். வாக்காளராகக் குடியுரிமை வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, தாள்களை அடுக்கிக் கொடுத்தார்.

2016 நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு கேட்டி ஃபேஹி என்ற இளம்பெண், தொகுதி எல்லைகளை அரசியல்வாதிகள் வரைவதை நிறுத்த யாராவது வருகிறீர்களா என்று முகநூலில் கேட்டார். எங்கள் தொழிலில் இருந்தவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த மாநிலத்தில் அவ்வளவு கையெழுத்தைக் கூலி ஆள் இல்லாமல் சேர்க்க முடியாது என்பது அன்றைய ஞானம். அவர்கள் 33 நாளில் 33 ஊரில் கூட்டம் போட்டார்கள், பிறகு 110 நாளில் 4,25,000க்கும் மேல் சேர்த்துவிட்டார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. தொழில்முறையில் சேர்க்கிறவர்களின் தாள்கள் பழுப்பும் கசங்கலுமாகத் திரும்பும். தன்னார்வலர்களின் தாள் வேறு மாதிரி. முகவரியைத் திருத்தமாக எழுதச் சொல்லி வாங்கியிருப்பார்கள், ஓரத்தில் காபிக் கறை இருக்கும்.

அடுத்து நீதிமன்றம். இது திருத்தம் அல்ல, அரசியலமைப்பையே மாற்றி எழுதுவது, அதற்கு அரசியலமைப்பு மாநாடு கூட்ட வேண்டும் என்றார்கள் எதிராளிகள். 2018 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இங்கேயும் நாலுக்கு மூன்று. நவம்பரில் 61 சதவீதம் ஆதரவு கிடைத்தது. 13 பேர் கொண்ட ஆணையம் எல்லை வரைய வந்தது.

அதே நவம்பரில் வந்த மூன்றாம் முன்மொழிவுதான் வாக்களிக்கும் முறையை நேரடியாக மாற்றியது. அதுவரை தபால் வாக்கு வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்: 60 வயது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் இருக்க மாட்டேன் என்க வேண்டும், இப்படி இன்னும் சில. காரணம் இல்லாமலே தபால் வாக்கு, தேர்தல் நாளன்றே பதிவு, தானாக நடக்கும் பதிவு, தேர்தலுக்குப் பின் தணிக்கை, அந்தப் பழைய கட்சிக் குறி எல்லாம் இரண்டாம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் ஏறின. 67 சதவீதம். இரண்டே வருஷத்தில் பெருந்தொற்று வந்தபோது, காரணம் கேட்காத தபால் வாக்கு என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்த மாநிலம் என்ன செய்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்ததுண்டு.

இந்த இரண்டு வெற்றிக்கும் சட்டமன்றத்தின் பதில் சில வாரங்களில் வந்தது. பதவி முடியப்போகிற ஆட்களின் டிசம்பர் கூட்டத்தில், ஒரே காங்கிரஸ் தொகுதியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கையெழுத்து எண்ணக் கூடாது என்றார்கள். கூலிக்கு வாங்குகிறவர் அதைத் தாளில் ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும் என்றார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 15 சதவீத வரம்பை ரத்து செய்தது, கட்டத்தை விட்டுவைத்தது. எங்கள் அச்சுக்கு அதனால் ஒரு வரி கூடியது. எனக்கு அந்தக் கட்டம் பிடிக்கும். கையெழுத்து போடுகிறவருக்கு, எதிரே நிற்கிறவர் எதற்கு நிற்கிறார் என்று தெரிவது நல்லதுதான்.

2022 ஒரு கெட்ட வருஷமும் கூட. ஆட்பஞ்சம். கையெழுத்துக்கு விலை ஏறிக்கொண்டே போனது. அந்த வசந்தத்தில் ஆளுநர் பதவிக்கு நின்ற குடியரசுக் கட்சியினர் பத்துப் பேரில் ஐவரின் வேட்புமனு போலிக் கையெழுத்தால் விழுந்தது. 36 பேர் சேர்ந்து, பல வேட்பாளர்களின் மனுக்களில் குறைந்தது 68,000 கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தார்கள் என்று தேர்தல் துறை சொன்னது. நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலைப் பார்த்து, தாளை மாற்றி மாற்றி எழுதுவது. இதற்கு இந்தத் தொழிலில் ‘வட்டமேஜை’ என்றே பெயர். தாளைப் பார்த்தாலே தெரியும்: மடிப்பு இருக்காது, அழுக்கு இருக்காது, வேகத்தில் எல்லா எழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

அந்த வருஷத்தின் பெரிய மனு, வாக்களிக்கும் முறைக்கான இரண்டாம் முன்மொழிவு. ஜூலையில் ஏறக்குறைய 6,70,000 கையெழுத்தோடு தாக்கல் ஆனது. ஒன்பது நாள் முன்கூட்டி நேரில் வாக்களிப்பு, தபால் தலைக்கு அரசே பணம், தபால் வாக்கை நேரில் கொண்டுவந்து போடுகிற பெட்டிகள், அடையாள அட்டை இல்லாதவர் உறுதிமொழி கொடுத்து வாக்களிக்கிற உரிமை. கூடவே இன்னொன்று: முடிவைச் சான்றளிக்கிற வாரியங்களுக்கு வேறு யோசனைக்கு இடமில்லை, வந்த கணக்கைப் பார்த்துக் கையெழுத்து போடுவது மட்டுமே அவர்கள் வேலை. இதற்குப் பின்னணி 2020. டெட்ராய்ட் இருக்கிற வெய்ன் கவுண்டியின் வாரியம் நவம்பர் 17 அன்று முதலில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது, ராத்திரியில் மனம் மாறியது. மாநில வாரியம் 23 அன்று மூன்று வாக்கோடு சான்றளித்தது, நான்காமவர் வாக்களிக்கவில்லை.

அதே மாநில வாரியத்தின் முன்னால்தான் இந்த மனு 2022 ஆகஸ்ட் 31 அன்று வந்தது. பாதிக்கப்படும் பகுதிகள் எல்லாவற்றையும் படிவத்தில் அச்சிடவில்லை என்று ஆட்சேபணை. வாரியம் இரண்டுக்கு இரண்டு. அன்றைக்கே கருக்கலைப்பு உரிமை மனுவும் வந்தது. அதற்கு ஆட்சேபணை, சொற்களுக்கு இடையே இடைவெளி போதவில்லை என்பது. அதுவும் இரண்டுக்கு இரண்டு. அந்தப் படிவத்தைப் பார்த்தேன். சில வரிகளில் சொற்கள் பேருந்து நெரிசல் போல ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. சிவகாசியில் இப்படிக் கோத்தால் போர்மேன் ஸ்டிக்கைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு மறுபடி கோக்கச் சொல்வார். ஆனால் படிக்க முடியவில்லையா என்றால், முடிந்தது. செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஐந்துக்கு இரண்டு என்று ஏற்றச் சொன்னது. எல்லாச் சொல்லும் இருக்கிறது, அதே வரிசையில் இருக்கிறது, 8 பாயிண்டில் இருக்கிறது, இடைவெளியைப் பற்றிச் சட்டம் பேசவில்லை என்பது அவர்கள் கணக்கு. மறுநாள் வாரியம் நாலு வாக்கோடு ஒப்புக்கொண்டது. நவம்பரில் இரண்டாம் முன்மொழிவுக்கு 60 சதவீதம்.

வடிவ விதிகளே வேண்டாம் என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. சாலையில் நிற்கிற ஒருவருக்கு அந்தத் தாளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அது ஒழுங்காக இருக்க வேண்டும். என் எரிச்சல் வேறு. எதிராளியின் படிவத்தைக் கொண்டுவந்து, ‘இதில் ஏதாவது கிடைக்குமா பாருங்கள்’ என்று கேட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள். தங்கள் படிவத்தைக் கொண்டுவந்து, ‘இது வாசிக்க நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டவர் அபூர்வம்.

திருத்தம் நிறைவேறி 45 நாளில் அமலுக்கு வந்துவிடும். அதன் பிறகு பாரம் நகர, டவுன்ஷிப் எழுத்தர்கள் தலையில். மிச்சிகனில் அவர்கள் 1,500க்கும் மேல். பல டவுன்ஷிப்களில் அந்த எழுத்தர் பகுதிநேரமாக, தனியாளாக வேலை பார்ப்பவர். ஒன்பது நாள் வாக்குச்சாவடியைத் திறந்து வைக்க ஆளுக்கு எங்கே போவார்? பக்கத்து ஊர்களோடு சேர்ந்து நடத்தலாம் என்று சட்டமன்றம் 2023இல் வழி செய்தது. மாநிலம் முழுக்க முதல் முறை நடந்தது 2024 பிப்ரவரியில், அதிபர் முதற்சுற்றுத் தேர்தலில். அறிவிப்புப் பலகை அச்சடிக்க வந்த ஓர் எழுத்தர், “யாரும் வராமல் கொட்டாவி விட்ட நாளும் உண்டு, ஆனால் யாரும் வரிசையில் காத்து நிற்கவில்லை” என்றார். நவம்பரில் கொட்டாவிக்கு நேரம் இருக்கவில்லை.

இவ்வளவு திருத்தம் நடந்த அதே இரண்டாம் பிரிவின் முதல் வரிகளில் இன்றும் வாக்களிக்கும் வயது 21 என்றே அச்சாகிறது. 18 ஆக்க 1966இலும் 1970இலும் மிச்சிகன் மக்களிடம் கேட்டார்கள். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். 1971இல் நாட்டின் அரசியலமைப்பில் 26ஆம் திருத்தம் வந்து அந்த வரியைச் செல்லாக் காசாக்கியது. அதைத் திருத்த யாரும் கையெழுத்து திரட்டவில்லை, திரட்டவும் மாட்டார்கள். செல்லாத வரியால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் 2026 நவம்பரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அரசியலமைப்பை முழுதாகத் திருத்த மாநாடு கூட்டலாமா என்ற கேள்வி பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே வாக்குச்சீட்டில் வரும். 1978, 1994, 2010 மூன்றிலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். அந்தக் கேள்விக்குக் கையெழுத்தும் வேண்டாம், படிவமும் வேண்டாம். வேண்டும் என்று சொல்லிவிட்டால், கையெழுத்துக்குப் பத்து சதவீதம் கேட்கிற 12ஆம் பிரிவு உட்பட எல்லாம் மேஜைக்கு வரும். அதனால் வக்கீல்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள், இன்றைய விதியில் எவ்வளவு சீக்கிரம் ஒரு படிவம் அடித்துக் கொடுக்க முடியும் என்று.